பொரிவிளங்கா உருண்டையும் என் முன்பல்லும்

தினேஷ் கண்ணா,

நீ போன வாரம் அனுப்பிய மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். கட்டைவிரலால் தட்டி முடித்துவிடக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையாலேயே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். என் கையெழுத்தைப் படிப்பது கஷ்டம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாய். இன்றைக்குக் கொஞ்சம் சிரமப்பட்டுப் படி, தப்பில்லை.

கல்யாணம் முடிந்து விசா வரும்வரை ரம்யா நம் வீட்டில் இருக்க வேண்டாம், நாவலூரில் அவள் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாட் எடுத்துவிடலாம், அதுதான் எல்லோருக்கும் நிம்மதி என்று எழுதியிருந்தாய். அந்த 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்குள் நீ யாரை வைத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து நீ ஜெர்மனிக்குத் திரும்பியதும் ஒரு நாள் போனில் கேட்டாயே, "அம்மா, உண்மையச் சொல்லு. ரம்யாவ உனக்குப் பிடிக்கலையா?" என்று. நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ பேசும்போதெல்லாம் மழை பெய்ததா, தண்ணீர் வந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். அந்தப் பேச்சு எனக்கு வேதனையாக இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

நிச்சயதார்த்தப் போட்டோக்களை நானும் பார்த்தேன். உன் மாமா சிரிக்கிறார், சித்தி சிரிக்கிறாள், புகைப்படம் என்றாலே விறைத்துக்கொள்ளும் உன் அப்பாகூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நான் மட்டும் யாரோ என் வாயில் பசை தடவிவிட்டதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். ரம்யாவுக்குப் பூ வைத்துவிடும் படத்திலும் அதே முகம். தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வேலை பார்த்தபோது நான் சிரித்தால் வரிசையின் கடைசியில் நிற்பவர்கூட எட்டிப் பார்ப்பார், உனக்கே தெரியும். அப்படிப்பட்டவள் ஒரே மகனின் நிச்சயத்தில் இப்படி நின்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ரம்யா என்ன நினைத்தாளோ அதைத்தான் நினைப்பார்கள். அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ என்னிடம் கேட்டாய். உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை.

நடந்தது இதுதான். நாள் குறிப்பதற்காக ரம்யா வீட்டார் பெருங்களத்தூரிலிருந்து வந்தார்களே, நீ ஊரில் இல்லை, அன்றைக்கு அவள் அம்மா தன் கையால் செய்த பொரிவிளங்கா உருண்டையை ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். அந்த உருண்டை எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். கொடுத்ததும் அப்பா சாமர்த்தியமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்காக உடனே கடித்தேன். மேல் வரிசையில், நடுப்பல்லுக்குப் பக்கத்தில், நீ பத்தாவது படிக்கும்போது வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல் ஒன்று இருந்ததல்லவா, அது 'கடக்' என்றது. கேப்போடு பாதிப் பல் உருண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. நான் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்து, உருண்டையிலிருந்து பல்லைப் பிடுங்கி முந்தானையிலேயே முடிந்துகொண்டேன். சம்பந்தியம்மா "எப்படி இருக்கு?" என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். அதற்கு அவர் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

இதை எப்படி வெளியே சொல்வது? சம்பந்தி வீட்டுப் பலகாரத்தில் பல் போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம் சொந்தக்காரர்கள் பேரன் பேத்தி எடுக்கும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த அம்மா பாவம், உருண்டை பிடித்த கை சிவந்திருந்தது. அவர் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. சரி, நிச்சயதார்த்தம் முடியட்டும், பிறகு டாக்டரிடம் போய்க்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நாலு நாள் லீவில் வந்த நீயும் துணிக்கடைக்கும் மண்டபத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தாய். உன்னிடம் சொன்னால் ரம்யாவிடம் சொல்வாய், ரம்யா அம்மாவிடம் சொல்வாள் என்று உன்னிடமும் மறைத்தேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, நல்லவேளை லட்டு கொண்டுவரவில்லை, அவ்வளவு மெத்தென்றதில் பல் உடைந்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்பாய் என்றார். ஒருவரின் மனம் நோகக் கூடாது என்று நான் மூடிய வாய், இன்னொருத்தியின் மனதை நோகடித்துக்கொண்டிருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

நீ போனில் கேட்ட அன்று நான் வெடுக்கென்று வைத்ததற்கும் காரணம் இதுதான். முன்பல் இல்லாமல் பேசினால் காற்று போகும். 'சந்தோஷம்' என்று சொன்னால் பாதி விசிலாக வரும். உனக்குப் பிடித்த பெண்ணைப் பற்றி விசில் அடித்துக்கொண்டு எப்படிப் பேசுவேன் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். அப்போதாவது திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று தள்ளிப் போட்டேன்.

பிறகு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ரம்யா ஸ்கூட்டியில் வந்து நின்றாள். மண்டபத்துக்காரரிடம் ஏதோ கேட்க வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். உண்மையில் என் மனசில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வந்தாளாம், இதை அவளே பிறகு சொன்னாள். அப்பா அவளை உட்காரவைத்துவிட்டு, இன்றைக்கு இந்த வீட்டில் அரை மணி நேரம் கழித்துத்தான் காபி என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக் காபி தாமதமாக வருவது உனக்குத் தெரியும். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாய். நான் வெறும் வயிற்றில் அந்தச் சத்து மாத்திரையைப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பில் பால்.

நான் சொம்பை எடுத்து எப்போதும்போல அண்ணாந்து குடித்தேன். உதடு படாமல் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் வாயை முழுசாகத் திறந்துதானே ஆகவேண்டும்? இத்தனை நாள் முந்தானைக்குள் காப்பாற்றிய ரகசியத்தை அந்த ஒரு சொம்புத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்துத் திரும்பினால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, பல்லு எப்ப போச்சு?" என்று கேட்டாள். நிச்சயத்துக்கு முன்னால் என்றேன். "அதனாலதான் போட்டோல சிரிக்கலையா?" ஆமாம் என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதில் உடைந்தது என்று அடுத்த கேள்வி. முறுக்கு என்று புளுகினேன். அப்பா பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாளே ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் கிளினிக், டாக்டரும் சின்ன வயதுப் பெண். மிச்சமிருக்கும் வேர் நீளவாக்கில் பிளந்திருக்கிறது, அதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு மூன்று வழி சொன்னார். கழற்றி மாட்டுகிற பல் ஒன்று. இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி, அவற்றின் மேல் பாலம் மாதிரி கட்டுவது இன்னொன்று. அந்த இரண்டும் என்ன பாவம் செய்தன, நல்ல பற்களை ஏன் ராவ வேண்டும் என்று கேட்டேன். அதற்காகத்தான் மூன்றாவது வழி, பல்லையே நட்டுவிடுவது என்றார். நம் பக்கம் 'பல் கட்டிக்கொள்வது' என்றுதானே சொல்லிப் பழக்கம்? நடுவது என்றதும் நான் யோசிக்காமல் "முளைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை, நல்ல பெண். முளைக்காது, ஆனால் பிடித்துக்கொள்ளும் என்றார். டைட்டானியத்தில் ஒரு சின்னத் திருகாணி, அதைத் தாடை எலும்புக்குள் வைத்து ஈறை மூடிவிடுவார்களாம். மாதக்கணக்கில் அதை அப்படியே விட்டால் எலும்பு வளர்ந்து அதைச் சுற்றி இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் மேலே பல். சும்மா விட்டுவிட்டால் பல் போன இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும், அப்புறம் நட இடம் இருக்காது என்றும் சொன்னார். எலும்பும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது, வேலை இல்லையென்றால் இளைத்துவிடுகிறது.

அடுத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சுகர், பிரஷர் என்றேன். வேறு எதுவும் இல்லையே என்று மறுபடி கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரம்யா, "அத்தை, அந்த ஞாயித்துக்கிழமை மாத்திரை?" என்றாள். அது வெறும் சத்து மாத்திரைம்மா, டாக்டரிடம் சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நான் அவளை அடக்கினேன். அவள் அடங்கவில்லை. டெஸ்டிங் வேலை பார்க்கிறவள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டு, மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தபோது எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்தது அது. எலும்புக்கு நல்லது என்றார், அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குச் சத்து மாத்திரை என்று பெயர். ஆனால் அது சத்து மாத்திரை இல்லையாம். எலும்பு தேய்வதைத் தடுக்கிற மருந்தாம். அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, எப்போதாவது, பல் எடுத்த இடத்திலோ நட்ட இடத்திலோ தாடை எலும்பு ஆறாமல் நின்றுவிடுமாம். என்னைப் போல வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து ரொம்பக் குறைவு, பயப்பட வேண்டாம், ஆனால் இந்த விஷயம் தெரியாமல் பல்லில் கைவைத்திருக்கவே கூடாது என்றார்.

எலும்பு டாக்டரைப் பார்த்து, இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்த பிறகுதான் வேரை எடுத்தார்கள். அந்த மாத்திரையைச் சில காலம் நிறுத்திவைக்கலாம் என்றார் எலும்பு டாக்டர். நீங்களாகவே நிறுத்தியிருந்தால் திட்டியிருப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். சுகரையும் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள், சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாதாம். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் காபி நேரத்துக்கு வந்துவிடுகிறது. அப்பாதான் பழக்க தோஷத்தில் அரை மணி நேரம் பேப்பரோடு காத்திருக்கிறார்.

எடுத்த இடம் நன்றாக ஆறி, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஐப்பசியில் திருகாணியை வைத்தார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மரத்துப் போகிற ஊசி போட்டுவிடுகிறார்கள். பக்கத்து பிளாட்டில் சுவரில் துளை போடுகிற மாதிரி ஒரு அதிர்வு, அவ்வளவுதான். கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. ஆறவைத்த ரசம் சாதமும் இட்லியும் சாப்பிட்டேன். தை மாதம் உன் கல்யாணத்துக்குள் மேல் பல் வராது, மாசி தாண்டித்தான் வைப்பேன் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சில பேருக்கு ஒரே நாளில் பல் வைத்து அனுப்புவதும் உண்டாம், ஆனால் என் வயதையும் சுகரையும் மாத்திரையையும் பார்த்து எனக்கு அது வேண்டாம் என்றார். அவசரப்பட்டு அதன் மேல் பாரம் ஏற்றினால் எலும்பு பிடிக்காது, திருகாணி ஆடிவிடும், மொத்தமும் வீண். அதுவரை வெளியே போட்டுக்கொள்ள மேலண்ணத்தில் ஒட்டுகிற ரோஸ் கலர் தகட்டில் ஒரு பல் வைத்துக் கொடுத்திருக்கிறார். அழகுக்கு மட்டும், கடிப்பதற்கு இல்லை. அதைப் போட்டுக்கொண்டு சிரித்தால் நழுவுகிறது.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பித்துவிட்டாள் என்று முனகாதே. நான் கல்யாணமாகி வந்த முதல் மாதமே உன் அப்பா தன் ஆபீஸ் நண்பர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார். என் மனைவி நன்றாகச் சமைப்பாள் என்று பெருமை வேறு. எனக்கு அந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது. சாம்பார் அடிபிடித்தது, பாயசத்தில் சர்க்கரை பத்தவில்லை, அவர் நண்பர் ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த நாள் நான் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு, செங்கல்பட்டுக்கு ரயிலேறிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் தாண்டும்போதே கோபம் ஆறிவிட்டது, ஆனால் பாதியில் இறங்கித் திரும்பினால் கௌரவம் என்ன ஆவது என்று போய்ச் சேர்ந்தேன். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். தாம்பரத்தில் இறங்கும்போது "உப்பு டப்பாவை நானே காட்டியிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு இது என் வீடாயிற்று.

புதிதாக வந்த ஒன்றின் மேல் உடனே பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தச் சாம்பார்தான் ஞாபகம் வந்தது. ரம்யா இங்கே வந்தால் சமைக்க வேண்டாம், விளக்கேற்ற வேண்டாம், விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டாம். அவள் பாட்டுக்கு இருக்கட்டும். நானும் அவளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் வேண்டும், அந்தக் காலத்தை நாவலூர் பிளாட்டில் வைத்துப் பூட்டிவிடாதே. நீயும் அங்கே அவளோடு குடித்தனம் தொடங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கோபம் என்று நீயாக முடிவு கட்டாதே. பக்கத்தில் போய் இன்னொரு கேள்வி கேள். என்னிடம் நீ ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டாய். அவள் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டாள்.

முதல் நாள் கிளினிக்கிலேயே அவள் என் முறுக்குக் கதையையும் நம்பவில்லை. இவ்வளவு ஆழமாகப் பிளக்கிற முறுக்கா என்று டாக்டரும் கேட்டு வைத்தார். மாடிப்படி இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் வண்டியை எடுக்கப் போனவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "அத்தை, எங்கம்மா செஞ்ச உருண்டையா?" என்று கேட்டாள். நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தேன். "எங்கப்பாவுக்கு ரெண்டு பல்லு அதுலதான் போச்சு" என்றாள். அவ்வளவுதான். நான் சிரிக்க ஆரம்பித்தேன். முந்தானையை எடுக்கவே தோன்றவில்லை. பழைய கவுண்ட்டர் சிரிப்பு, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. எத்தனையோ வாரமாக உள்ளேயே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அவளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன்னிடம் நான் சொல்லும்வரை தானாக எதுவும் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள், இன்றுவரை காப்பாற்றுகிறாள். ஒன்று மட்டும், இது உன் மாமியார் காதுக்குப் போகவே கூடாது. உருண்டை நிஜமாகவே நல்ல ருசி.

நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு படம் எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது, நேற்றுதான் அனுப்பினாள். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பாதிப் பெயர்ப்பலகை, நடுவில் நான், கண் இரண்டும் இடுங்கி, வாயெல்லாம் சிரிப்பாக, பல் இல்லாத இடம் பளிச்சென்று தெரிய. இப்போது அந்த இடம் வெளியே பார்க்கத்தான் காலி, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்தன்றைக்கும் நான் இப்படித்தான் நிற்கப்போகிறேன். தகட்டைப் பர்ஸில் வைத்துக்கொள்வேன், போட்டோகிராபர் சிரிக்கச் சொல்லும்போது அது நழுவுமோ என்று யோசித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

கடிதத்தோடு அந்தப் படத்தையும் அப்பா அனுப்புவார். பெரிதாக்கிப் பார். பல்லைப் பார்த்து முடித்ததும் என் கண்ணைப் பார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது ரம்யா. நான் அவளைப் பார்த்துத்தான் அப்படிச் சிரிக்கிறேன். பிடிக்கலையா என்று கேட்டாயே, இனி அதை என்னிடம் கேட்காதே, அவளிடம் கேள்.

அம்மா